மாளவியாவின் இருட்டுக் குடிலும் மெலடோனினும்

தில்லியில் இருக்கும் நம்மவர்களுக்கு மாளவியா நகர் என்றால் மெட்ரோ ஸ்டேஷன், மார்க்கெட், வீட்டு வாடகை. அந்தப் பெயருக்குரிய பண்டிட் மதன் மோகன் மாளவியா பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தை உருவாக்கியவர், 2015ல் பாரத ரத்னா பெற்றவர் என்பது வரை பலருக்கும் தெரியும். 1938ல், தம் 76வது வயதில், இளமையைத் திரும்பப் பெற ஓர் இருட்டுக் குடிலுக்குள் போய் அமர்ந்தார் என்பதை நான் தாமதமாகத்தான் படித்தேன். படித்ததிலிருந்து விடவில்லை, அதனால் இந்தப் பதிவு.

சிகிச்சையின் பெயர் காயகல்பம். நம் சித்தர்கள் சொன்ன காயகற்பத்துக்கு வடக்கத்திய உறவு. தபசி பாபா என்ற சாமியார் மேற்பார்வையில், அலகாபாத் அருகே சுமார் 40 நாள் நடந்தது. வெளிச்சம் புகாத குடில், பால், மூலிகை மருந்து. வெளியாள் பார்க்க முடியாது. பெரிய தேசியத் தலைவர் என்பதால் பத்திரிகைகள் விடாமல் எழுதின.

இது பாபாவின் சொந்தச் சரக்கு இல்லை. சரக சம்ஹிதையில் ரசாயன சிகிச்சையை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஒன்று குடிக்குள் புகுந்து செய்வது. அந்தக் குடிலுக்கு வரைபடமே கொடுத்த மாதிரி இருக்கிறது: கெட்டிச் சுவர், ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று அறை, சிறிய சாளரம். மற்றது காற்றிலும் வெயிலிலும் நடமாடிக்கொண்டே செய்வது. குடில் முறை ஓய்வும் வசதியும் உள்ளவர்களுக்குத்தான். நம்மைப் போன்ற வங்கிக்காரர்களுக்கு இரண்டாவதுதான் சரி. சேர்ந்தாற்போல் நாற்பது நாள் லீவு கேட்டால் ரீஜனல் மேனேஜருக்குத்தான் காயகல்பம் தேவைப்படும்!

பலன்? வெளியே வந்தபோது தெம்பாக இருந்தார், தோற்றம் தெளிந்திருந்தது என்று செய்திகள் வந்தன. ஆனால் அது நிலைக்கவில்லை. அடுத்த வருடமே, 1939ல், உடல்நிலை காரணமாகப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பொறுப்பை நம் திருத்தணிப் பக்கத்து ராதாகிருஷ்ணனிடம் ஒப்படைத்தார். 1946 நவம்பரில், 85ஐத் தொட ஒரு மாதம் சொச்சம் இருக்கையில் காலமானார். அந்தக் காலத்துக்கு அது நீண்ட ஆயுள்தான். அதில் குடிலின் பங்கு எவ்வளவு என்று கணக்கெழுத வழியில்லை.

அப்போது மெலடோனின் என்ற பெயரே கிடையாது. யேல் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆரோன் லெர்னர் 1958ல்தான் மாட்டு மூளைகளின் பீனியல் சுரப்பிகளிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். அவர் தேடியது தூக்கத்தை அல்ல, தோல் நிறம் மாறும் வெண்புள்ளி நோய்க்கு விடையை. 1980ல் அல்ஃப்ரெட் லூயியும் சகாக்களும், பிரகாசமான வெளிச்சம் பட்டால் மனிதருக்கு இரவில் இந்தச் சுரப்பு அடங்கிவிடுகிறது என்று காட்டினார்கள்.

இதைப் பிடித்துக்கொண்டுதான் இன்று சிலர் "இருட்டில் உட்கார், மெலடோனின் பொங்கும், மூன்றாவது கண் திறக்கும்" என்கிறார்கள். பல்லி வகையில் சிலவற்றுக்கு உச்சந்தலையில் ஒளி உணரும் ஓர் உறுப்பு உண்டு, பீனியலுக்கு நெருங்கிய சொந்தம். நமக்கு அந்த வேலையைக் கண்களே செய்கின்றன. மூளைக்குள் இருக்கும் கடிகாரம்தான் சுரப்புக்கு நேரம் குறிக்கிறது. பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் மெலடோனின் ஏறாது. இரவில் இருட்டு செய்வதெல்லாம் அதைத் தடுக்காமல் விடுவது, அவ்வளவுதான்.

தொடர்ந்து சூரியனைப் பார்க்காமலே இருந்தால் கணக்கு குழம்பவும் செய்யும். பிரான்சின் மிஷெல் சிஃப்ர் 1962ல் கடிகாரம் இல்லாமல் ஒரு குகைக்குள் இரண்டு மாதம் இருந்தார். செப்டம்பர் 14ல் வெளியே வந்தவர், அன்று ஆகஸ்ட் 20 என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அப்படியானால் ரமணர்? 1896ல் திருவண்ணாமலைக்கு வந்த அந்தப் பதினாறு வயதுப் பையன், கோயிலின் பாதாள லிங்கக் குகையில், பூச்சிகள் தொடையைக் கடித்துப் புண்ணாக்கியதுகூடத் தெரியாமல் அமர்ந்திருந்தார். அது சுரப்பிக்கான சிகிச்சை இல்லை. தொந்தரவில்லாத இடம் தேடிப் போனார், அந்த இடம் இருட்டாக இருந்தது. இதை மெலடோனினால் விளக்குவது பக்திக்கும் நியாயமில்லை, விஞ்ஞானத்துக்கும் நியாயமில்லை என்பது என் கட்சி.

எனக்குக் கவலை வேறு இடத்தில். தில்லிக்கு முதல் மின்நிலையம் 1905ல் லாகூரி கேட் பக்கம் வந்தது. அதற்கு முன் இந்த ஊரில் ராத்திரி இருட்டு எல்லோருக்கும் இலவசம். இன்று நம் பிள்ளைகள் குர்காவ்னிலும் நொய்டாவிலும் அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்த்துவிட்டு, விடியும்போது கேப்பில் திரும்புகிறார்கள். இரவுப் பணி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வகையில் 2007ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்தது, 2019ல் மீண்டும் பரிசீலித்து அதையே சொன்னது. சம்பளச் சீட்டில் இதற்கு நைட் ஷிஃப்ட் அலவன்ஸ் என்று ஒரு வரி இருக்கும்.

எங்கள் வீட்டில் ராத்திரி பத்துக்கு மேல் ஹாலில் ஒரே ஒரு சின்ன மஞ்சள் பல்பு மட்டும். முதல் வாரம் பையன் தினமும் பால்கனிக்குப் போய் எதிர் ஃப்ளாட்டை எட்டிப் பார்த்தான், கரண்ட் அவர்களுக்கும் போய்விட்டதா என்று.