காயத்தைத் தைக்கும் நொதியம்

பாலமீன்மடு முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் வந்து கலக்கும் மட்டக்களப்பு வாவியிலே நண்டும் இறாலும் பலருக்கு வாழ்வளிப்பன. மனிதருக்கு உள்ளது போன்ற மூடிய குருதிக்குழாய் அமைப்பு இவ்வுயிர்களுக்கு இல்லை. குருதி உடற்குழிகளிற் பரவி உறுப்புக்களை நேரே நனைக்கின்றது. ஆகவே, ஓட்டிலே காயம் ஏற்பட்டால் குருதி வெளியேறும். உவர்நீரும் நோய்க்கிருமிகளும் உட்புகும். அவ்வேளையில் உயிர்காக்க முன்வருவது யாது?

குருதிக் கலங்களிலிருந்து வெளிப்படும் திரான்ஸ்குளூட்டமினேஸ் என்னும் நொதியமே அது. கல்சியத்தின் துணையோடு, ஒரு புரதத்திலுள்ள குளூட்டமினை மற்றொரு புரதத்திலுள்ள லைசினோடு அது பிணைக்கின்றது. தனித்து மிதந்த புரதங்கள் வலைபோற் பின்னப்பட்டுக் காயத்தின் வாய் அடைபடுகின்றது.

மனிதரின் குருதியிலும் இதன் உறவுநொதியம் ஒன்று உண்டு. உறைந்த குருதியின் நார்களை உறுதிப்படுத்தும் பொருளொன்று இருத்தல் வேண்டுமென 1948 ஆம் ஆண்டிலே லாக்கி, லோறண்ட் என்னும் இருவர் எடுத்துக்காட்டினர். பதின்மூன்றாம் காரணி எனப் பின்னர் பெயர்பெற்றது அதுவே. 1957 இல் வேல்ஷும் அவர்தம் துணைவரும் கினிப்பன்றியின் ஈரலிலே இத்தகைய நொதியத்தைக் கண்டு, திரான்ஸ்குளூட்டமினேஸ் எனப் பெயரிட்டனர். பதின்மூன்றாம் காரணி பிறவியிலேயே இல்லாத நோயாளர் ஒருவரைப் பற்றிய முதற் செய்தி 1960 இல் வெளிவந்தது. இக்குறையோடு பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி அறுத்த இடத்திலே குருதி கசிந்துகொண்டேயிருக்கும். நார் தோன்றினும் அதனைத் தைக்கும் கை இல்லை.

தைப்பது மட்டும் இந்நொதியக் குடும்பத்தின் தொழிலன்று. மனித இழையங்களிலுள்ள வகை, கலத்தினுள்ளே செய்தி கடத்தும் புரதமாகவும் தொழிற்படுவது 1994 இல் தெரியவந்தது. அது தீங்குக்கும் துணைபோவதுண்டு. கோதுமைப் புரதத்தின் குளூட்டமினை அது மாற்றிவிடுங்கால், சிலரின் உடல் அப்புரதத்தையும் அந்நொதியத்தையும் பகையெனக் கருதித் தாக்குகின்றது. சீலியாக் நோயிலே தாக்கப்படும் இலக்கு இந்நொதியமே என்பது 1997 இல் நிறுவப்பட்டது.

1970 களின் பிற்பகுதியில் இறால் வளர்ப்புக் குளங்களைக் கண்ட மட்டக்களப்புக்கு இவ்வாராய்ச்சி அயலானதன்று. குருமா இறாலில் இந்நொதியம் உருவாகாதபடி யப்பானிய ஆய்வாளர் தடுத்தபோது, அவ்விறால்கள் பற்றீரியாவுக்கும் வெண்புள்ளி வைரசுக்கும் எளிதில் இரையாயின என 2008 இல் அறிவிக்கப்பட்டது. காயத்தை மூடும் அதே நொதியம் நோயையும் தடுத்து நிற்கின்றது என்பது அதனாற் புலனாயிற்று.