கடலில் போன கைக்கு யார் விலை சொல்வது?

கடற்கொள்ளையர் என்றதும் நம் பிள்ளைகளுக்கு ஒற்றைக்கண் கட்டும் மரக்காலும்தான் ஞாபகம் வரும். சினிமா தந்த படம் அது. அந்தக் கண்ணுக்கும் காலுக்கும் எழுத்தில் விலை இருந்தது என்பதை நாம் வகுப்பில் சொல்லிக் கொடுப்பதில்லை.

1678இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு புத்தகம் வெளியானது. எழுதியவர் எக்ஸ்குவெமெலின், கரீபியன் கடலில் கொள்ளையர்களோடு வைத்தியராகத் திரிந்தவர். கப்பல் புறப்படுமுன் அவர்கள் செய்துகொள்ளும் உடன்படிக்கையை அவர் விபரமாக எழுதியிருக்கிறார். வலது கை போனால் 600 ஸ்பானிய வெள்ளி நாணயங்கள், அல்லது ஆறு அடிமைகள். இடது கைக்கு 500. வலது காலுக்கு 500, இடது காலுக்கு 400. ஒரு கண்ணுக்கு 100, ஒரு விரலுக்கும் அதே 100. கொள்ளைப் பொருளைப் பங்கு பிரிக்குமுன் இதை எடுத்து வைத்துவிட வேண்டும்.

ஒருவனின் கைக்கு ஈடாக ஆறு மனிதர்களின் வாழ்க்கை! இதைப் போய் நியாயம் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. என்றாலும் ஒன்றைக் கவனியுங்கள். கை போனதைக் கப்பலில் இருந்த எல்லோரும் கண்ணால் கண்டிருப்பார்கள். அதை நிரூபிக்க எவனும் கடிதம் கொண்டு அலைய வேண்டியிருக்கவில்லை.

சட்டத்துக்குட்பட்ட கப்பல்களின் கதை வேறு. மத்திய கால ஐரோப்பாவின் ஒலெரோன் கடற்சட்டம், கப்பல் வேலையில் காயப்பட்டவனைக் கப்பல் செலவிலேயே குணப்படுத்த வேண்டும் என்றது. நோயாளியைக் கரையில் இறக்கினால் தங்க இடம், வெளிச்சத்துக்கு மெழுகுதிரி, பார்த்துக்கொள்ள ஓர் ஆள் எல்லாம் கொடுக்க வேண்டும். குடித்துவிட்டுக் கரையில் சண்டை பிடித்துக் காயப்பட்டால் ஒன்றும் கிடையாது. ஆனால் குணமாகாமலே முடமாகிப் போனவன் மிச்சக் காலத்துக்கு என்ன செய்வது? அதற்கு அந்தச் சட்டத்தில் விடையில்லை.

இங்கிலாந்தில் 1590 அளவில் சத்தம் துறைமுகத்தில் ஒரு நிதி தொடங்கியது. ஸ்பானிய ஆர்மடாவோடு போரிட்டுத் திரும்பிய கடற்படையினரின் நிலைதான் அதற்குக் காரணம். காலை இழந்தவருக்கு வருடத்துக்கு 6 பவுண் 13 ஷில்லிங் 4 பென்ஸ். பணம் எங்கிருந்து வந்தது? மாலுமிகளின் சம்பளத்திலிருந்தே மாதம் 6 பென்ஸ் வெட்டினார்கள்! ஐந்து பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி, ஐந்து பேரிடம் திறப்புகள். அப்படியிருந்தும் அந்த நிதியில் முறைகேடு நடந்தது.

கப்பல் முதலாளி தன் பையிலிருந்து கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் மிகவும் பிந்தியே வந்தது. பிரித்தானியாவின் 1897ஆம் ஆண்டு தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் மாலுமிகளைச் சேர்க்கவே இல்லை. 1906இல்தான் சேர்த்தார்கள். நமது நாட்டில் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது 1934இல்.

இன்று இந்தப் போராட்டம் சூடாக நடக்கும் இடம் பிலிப்பைன்ஸ். உலகக் கப்பல்களுக்கு அதிகமாக ஆட்களை அனுப்பும் நாடுகளில் அதுவும் ஒன்று. அங்கே அரசாங்கமே வகுத்த ஒப்பந்தத்தில் ஊனங்கள் 14 தரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. முதல் தரத்துக்கு 60,000 அமெரிக்க டொலர். கொள்ளையரின் பட்டியலுக்கும் இதற்கும் அமைப்பில் பெரிய வித்தியாசமில்லை.

வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. இன்றைய மாலுமி பெரும்பாலும் கையை இழந்து வருவதில்லை. முதுகெலும்பு விலகி, முழங்கால் தேய்ந்து, நெஞ்சு அடைத்து வருகிறார். வெளியே பார்த்தால் முழு மனிதர். ஊர் வந்து மூன்று வேலை நாட்களுக்குள் கம்பனி நியமித்த வைத்தியரிடம் போக வேண்டும். தக்க காரணமின்றித் தவறினால் உரிமை போய்விடும். எந்தத் தரம் என்று முதலில் சொல்பவரும் அந்த வைத்தியரே. சம்பளம் கொடுப்பது யார், அறிக்கை எழுதுவது யார் என்று யோசித்துப் பாருங்கள்.

மாலுமியின் சொந்த வைத்தியர் வேறு விதமாகச் சொன்னால், இரு தரப்பும் சம்மதிக்கும் மூன்றாவது வைத்தியரின் முடிவே இறுதியானது. நாட்காட்டியும் ஒரு நீதிபதிதான். 120 நாட்களுக்கு மேல் பழைய வேலையைச் செய்ய முடியாமற் போனால் அது முழுமையான நிரந்தர ஊனம் என்று 2005இல் பிலிப்பைன்ஸ் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேலும் சிகிச்சை தேவைப்பட்டால் 240 நாள் வரை நீட்டலாம் என்று 2008இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. அந்த 120 நாட்களைச் சுற்றி எத்தனை குடும்பங்களின் சோறு இருக்கிறது!

வழக்கில் வென்ற மாலுமியின் பணத்தைச் சில சட்டத்தரணிகளே விழுங்குவதைத் தடுக்க, 2015இல் அவர்களின் கட்டணத்தைப் பத்து வீதத்துக்குள் கட்டுப்படுத்திச் சட்டம் வந்தது. 2024 செப்டெம்பரில் மாலுமிகளுக்கென்றே ஒரு பெரிய சட்டம் கையொப்பமானது. நல்ல விடயங்கள் பல அதில் உண்டு. ஆனால் கம்பனி மேன்முறையீடு செய்திருக்கும்போது, தர்க்கத்திலுள்ள தொகையை மாலுமி கையில் எடுக்க வேண்டுமானால் பிணை வைக்க வேண்டும் என்றும் அதில் எழுதப்பட்டுள்ளது. பின்னர் தோற்றால் அந்தப் பணத்தைத் திருப்பி எடுக்க முடியாதே என்பது கம்பனிகளின் வாதம். வேலை போய், முதுகு நிமிராமல் வீட்டில் கிடப்பவர் அந்தப் பிணைக்கு எங்கே போவார் என்று மாலுமிகள் கேட்கிறார்கள்.