மூவரசர் பேழை

ஜெர்மனி நாட்டில் ரைன் ஆற்றங்கரையில் கொலோன் என்னும் பழம்பெரும் நகரம் இருக்கிறது. அந்நகரப் பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் 157 மீட்டர் உயரமுடையவை. அவற்றை அண்ணாந்து நோக்கியபின் உள்ளே சென்றேன். தலைமைப் பீடத்துக்குப் பின்னே, கண்ணாடிக் கூட்டினுள், பொன்னொளி வீசும் பேழையொன்றைக் கண்டேன். இத்துணைப் பெரிய ஆலயம் எழுந்தது இச்சிறு பேழையின் பொருட்டே என்று எண்ணியபோது வியப்பு மேலிட்டது.

பேழையினுள் இருப்பவை எலும்புகள். குழந்தை இயேசுவை வணங்க விண்மீன் வழிகாட்ட வந்த கீழ்த்திசை ஞானியர் மூவரின் எலும்புகள் அவை என்று இடைக்கால மக்கள் நம்பினர். புனிதர்தம் உடலின் எச்சங்களைத் திருப்பண்டங்கள் எனப் போற்றுவது கத்தோலிக்க மரபு.

இவை கொலோனுக்கு வந்த வரலாறு போரோடு பிணைந்தது. பேரரசன் முதலாம் பிரடெரிக் 1162-இல் இத்தாலியின் மிலான் நகரைப் பணியவைத்தான். அங்கிருந்த திருப்பண்டங்களைக் கொலோன் பேராயர் ரைனால்டுக்கு வழங்கினான். அவர் 1164-இல் அவற்றைத் தம் நகருக்குக் கொணர்ந்தார். பின்னர், நிக்கோலஸ் என்னும் புகழ்பெற்ற பொற்கொல்லரும் பிறரும் பல ஆண்டுகள் உழைத்து, ஏறத்தாழ 1225-இல் பேழையை முடித்தனர். அதன் நீளம் 220 சென்டிமீட்டர். உயரம் 153 சென்டிமீட்டர். வடிவத்தில் அது ஒரு சிறு கோயிலே. கீழ்வரிசையில் தீர்க்கதரிசிகளும் மேல்வரிசையில் அப்போஸ்தலர்களும் வீற்றிருக்கின்றனர்.

முகப்பைக் கூர்ந்து நோக்கினேன். காணிக்கை ஏந்திய மூவருக்குப் பின்னே நான்காமவர் ஒருவர் நிற்கிறார். அவர் பேழைக்குப் பொன் அளித்த அரசன் நான்காம் ஓட்டோ. அரசுரிமைக்குப் போட்டியாளனோடு போராடிய அவனுக்கு, இம்மூவரின் அருகே நிற்பதே பெரிய சான்றாக இருந்தது. ஆகன் நகரில் முடிசூடிய ஜெர்மானிய மன்னர்கள் பின்பு இங்கு வந்து வணங்குவதும் வழக்கமாயிற்று.

யாத்திரிகர் திரண்டனர். 1248-இல் புதிய பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டினர். பதினாறாம் நூற்றாண்டில் நின்றுபோன பணி 1842-இல் மீண்டும் தொடங்கி 1880-இல் நிறைவெய்தியது.

மாணவ நண்பர்களே, ‘அவை மெய்யாகவே அந்த ஞானியரின் எலும்புகள்தாமா?’ என்று நீங்கள் வினவலாம். மத்தேயுவின் நற்செய்தி அவர்களை அரசர் என்று கூறவில்லை, மூவர் என்றும் கூறவில்லை, பெயர்களையும் தரவில்லை. 1864-இல் பேழையைத் திறந்தபோது மூவரின் எலும்புகள் காணப்பட்டன. ஆயினும் எலும்புகள் தம் பெயரைச் சொல்வதில்லை.

நம்பிக்கையை மெய்ப்பிப்பதோ மறுப்பதோ மட்டும் வரலாற்றின் வேலையன்று. அந்நம்பிக்கை எவற்றை ஆக்கியது, யாருக்குப் பயன்பட்டது என்று கேட்பதும் அதன் வேலையே. அவ்வினாவுக்கு விடை கொலோனில் ஐயமின்றிக் கிடைக்கிறது. மன்னர்கள் அப்பேழையால் பெருமை தேடினர். பெயர் அறியாத கொல்லரும் கல்தச்சரும் தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். மன்னர்தம் ஆட்சி மறைந்தது. உழைத்தவர்தம் கைவண்ணம் நிலைத்து நிற்கிறது.