அசையாதவர்களின் சரித்திரம்

கடன் மனுக்களில் நான் ஒட்டும் பாஸ்போர்ட் படங்களில் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டுச் சுவரில் பென்னிகுவிக்கும் அப்படியே.

1858-இல் மதுரையைப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப்புக்கு வேறு வழியில்லை. மெழுகுத்தாள் நெகடிவுக்கு நீண்ட நேரம் வெளிச்சம் வேண்டும், நடமாடியவன் பதியவில்லை. ஆனால் பெரியாறு அணை வேலை தொடங்கிய மறுவருஷமே, 1888-இல், அமெரிக்காவில் கோடக் கைக்காமிரா வந்துவிட்டது. 1895 வரை அணையில் சுண்ணாம்பும் சுர்க்கியும் சுமந்தவர்கள், காய்ச்சலில் செத்தவர்கள், ஒருவர் முகத்தையும் நான் இந்தச் சுவர்களில் பார்த்ததில்லை. காமிரா மெதுவாக இருந்ததால் அல்ல.

திட்டமிடாத படமே அசல் என்பதற்கு நண்பர்கள் கார்த்தியே-ப்ரெஸோனைக் காட்டுவார்கள். காட்டட்டும். 1950 ஏப்ரலில் ரமணர் மறைந்தபோது அவர் திருவண்ணாமலையில் இருந்தார். தற்செயலுக்காகப் பக்கத்தில் போய் இருந்தார். அணையில் கல் சுமந்தவன் பக்கத்தில் போய் உட்கார, கைக்காமிரா வாங்க வசதியுள்ள துரைக்கு என்ன வேலை?