ஆல்பனியில் ஒரு வாக்கு



2022 ஜூன் 24 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் டாப்ஸ் வழக்கில் அளித்த தீர்ப்பு, கருக்கலைப்புச் சட்டங்களை மீண்டும் மாநிலச் சட்டமன்றங்களின் கையில் ஒப்படைத்தது. அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது: "ஃபாதர், மனச்சான்று உள்ள ஒரு சட்டமன்ற உறுப்பினர் இதில் எப்படி வாக்களிக்க வேண்டும்?" திருச்சபையின் போதனையை எடுத்துரைப்பது எளிது. வாக்களிக்கும் மனிதரின் நிலையைப் புரிந்துகொள்வதற்கோ வரலாறு வேண்டும். ஆகவே ஐம்பது ஆண்டுகளுக்கும் முந்தைய ஒரு நிகழ்வை உங்கள்முன் வைக்கிறேன்.

1973 ஜனவரி 22 அன்று ரோ வழக்கின் தீர்ப்பு வரும்வரை, இந்தப் பொருளில் சட்டம் இயற்றும் அதிகாரம் மாநிலங்களிடமே இருந்தது. 1967இல் கொலராடோ முதலில் தன் சட்டத்தைத் தளர்த்தியது. அதே ஆண்டில் கலிஃபோர்னியாவில் அத்தகைய சட்டத்துக்கு ஒப்பமிட்டவர் ஆளுநர் ரானல்ட் ரேகன். கட்சிக்கோடுகள் இன்று காண்பதுபோல் அன்று வரையப்பட்டிருக்கவில்லை. இரு கட்சிகளிலும் ஆதரித்தோரும் எதிர்த்தோரும் இருந்தனர்.

நியூயார்க்கில் தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருக்கலைப்பு குற்றமாயிருந்தது. வசதி படைத்தோர் வெளிநாடு செல்லவோ மருத்துவர் ஒருவரைக் கண்டடையவோ வழி இருந்தது. மறைவிடங்களில் உயிரிழந்தவர்களுள் ஏழைக் கறுப்பினப் பெண்களும் போர்ட்டோ ரிக்கோப் பெண்களும் மிகுதி. 1967இல் சீர்திருத்த மசோதா ஒன்று வந்தபோது, மாநிலத்தின் எட்டு மறைமாவட்டங்களின் ஆயர்களும் கூட்டாக மேய்ப்புப்பணி மடல் ஒன்றை எழுதினர். அது பங்குக் கோயில்களில் திருப்பலியின்போது வாசிக்கப்பட்டது. மசோதா தோற்றது.

1969இல் மீண்டும் ஒரு மசோதா வந்தது. கருவில் கடும் குறைபாடு காணப்பட்டால் கலைக்கலாம் என்பதும் அதில் ஒரு பிரிவு. அது நிறைவேறும் என்றே பலர் எண்ணியிருந்தனர். அப்போது மார்ட்டின் கின்ஸ்பெர்க் என்ற குடியரசுக் கட்சி உறுப்பினர் பேச எழுந்தார். குழந்தைப் பருவத்திலேயே இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டவர் அவர். ஊன்றுகோல் துணையின்றி நடக்க இயலாதவர். குறைபாட்டோடு பிறப்பவரின் வாழ்வுக்கு மதிப்பில்லையென்று சட்டம் சொல்லலாமா என்பதே அவர் பேச்சின் சாரம். அவை அமைதியாகக் கேட்டது. ஆதரிக்க எண்ணியிருந்த சிலர் மனம் மாறினர். மசோதா தோற்றது.

அடுத்த ஆண்டு, குடியரசுக் கட்சியைச் சேர்ந்த கான்ஸ்டன்ஸ் குக் அம்மையாரும் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த ஃபிரான்ஸ் லைக்டரும் வேறொரு வழியை மேற்கொண்டனர். எந்தக் காரணத்துக்கு அனுமதி, எதற்கு இல்லை என்று பட்டியலிடாமல், முடிவைப் பெண்ணிடமும் மருத்துவரிடமும் விட்டுவிடும் மசோதா அது. 1970 மார்ச் 18 அன்று மேலவை அதை 31க்கு 26 என்ற கணக்கில் ஏற்றது. கீழவையில் வாக்குகளைத் திரட்டுவதற்காக 24 வார வரம்பு சேர்க்கப்பட்டது.

கீழவையின் மொத்த உறுப்பினர் 150 பேர். அவைக்கு வந்தோரில் பெரும்பான்மை போதாது. மொத்த உறுப்பினரில் பெரும்பான்மை, அதாவது 76 வாக்குகள் தேவை. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு மறுநாளான மார்ச் 30 அன்று நடந்த வாக்கெடுப்பில் ஆதரவு 73, எதிர்ப்பு 71. எதிர்ப்பைவிட ஆதரவு கூடுதலாயிருந்தும் மசோதா நிறைவேறவில்லை.

ஏப்ரல் 9 அன்று மீண்டும் வாக்கெடுப்பு. பெயர்கள் அழைக்கப்பட்டு முடிந்தபோது 74க்கு 74. முடிவு அறிவிக்கப்படுமுன் ஜார்ஜ் மைக்கேல்ஸ் எழுந்தார். ஆபர்ன் நகரை உள்ளடக்கிய, கத்தோலிக்கர் மிகுந்த தொகுதியின் உறுப்பினர், யூதர், ஜனநாயகக் கட்சிக்காரர். தம் தொகுதி மக்களின் எண்ணத்துக்கும் மாவட்டக் கட்சியின் விருப்பத்துக்கும் இணங்க அதுவரை எதிர்த்தே வாக்களித்து வந்தவர். மசோதாவைத் தோற்கடிக்கும் வாக்கு உங்களுடையதாக இருந்துவிடக் கூடாது என்று அவருடைய மகன் வேண்டியிருந்தார். தம் அரசியல் வாழ்வு இத்துடன் முடிகிறது என்பதை அறிந்தே பேசுவதாக, கைகள் நடுங்க, கண்கள் கலங்க அவர் அவைக்குச் சொன்னார். பிறகு தம் வாக்கை மாற்றினார். 75. அவைத்தலைவர் பெர்ரி டூரியே தம் வாக்கையும் சேர்க்க 76. மறுநாள் மேலவை இசைந்தது. ஏப்ரல் 11 அன்று ஆளுநர் நெல்சன் ராக்கஃபெல்லர் ஒப்பமிட்டார். ஜூலை 1 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

மைக்கேல்ஸ் தம் எதிர்காலத்தைச் சரியாகவே கணித்திருந்தார். கட்சியின் மாவட்டக் குழு அவரைக் கைவிட்டது. அந்த ஜூனிலேயே உட்கட்சித் தேர்தலில் தோற்றார்.

கதை அத்துடன் முடியவில்லை. 1972 மே மாதத்தில் அதே சட்டமன்றம் அந்தச் சட்டத்தை நீக்க வாக்களித்தது. கீழவையில் 79க்கு 68. மேலவையில் 30க்கு 27. நீக்கத்தை ஆதரித்துக் குடியரசுத்தலைவர் நிக்சன் கர்தினால் டெரன்ஸ் குக்குக்கு எழுதிய மடலும் வெளியானது. ஆயினும் மே 13 அன்று ஆளுநர் ராக்கஃபெல்லர் தம் தடை அதிகாரத்தைப் பயன்படுத்தி நீக்க மசோதாவைத் தள்ளினார். இரண்டே ஆண்டுகளில் ஒரு பெரும்பான்மை உருவாகவும் கலையவும் முடிந்தது.

அதே 1970இல் ஹவாயிலும் ஒரு கத்தோலிக்க மனச்சான்று சோதிக்கப்பட்டது. அங்கு சட்ட நீக்கத்தை முன்னெடுத்த மேலவை உறுப்பினர் வின்சென்ட் யானோ ஒரு கத்தோலிக்கர். பத்துப் பிள்ளைகளின் தந்தை. ஆளுநர் ஜான் பர்ன்ஸ் தவறாது திருப்பலியில் பங்கேற்ற பக்திமான். அவர் மசோதாவைத் தடுக்கவுமில்லை, அதில் ஒப்பமிடவுமில்லை. ஒப்பமின்றியே அது சட்டமாயிற்று. அந்த நடுவழி மனச்சான்றின் வழியா, தப்பித்தலா என்று இன்றும் வாதிடலாம்.

நான் எங்கு நிற்கிறேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. கருவிலிருக்கும் உயிர் மனித உயிர் என்றும், அதைக் காக்கச் சட்டத்துக்குக் கடமை உண்டு என்றும் நான் நம்புகிறேன். மைக்கேல்ஸ் ஆதரித்த சட்டத்தை நான் ஆதரித்திருக்க மாட்டேன். எனினும் இந்த வரலாற்றை வாசிக்கும்போது நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. கின்ஸ்பெர்க்கின் பேச்சைக் கேட்டு வாக்கை மாற்றியவர்களை மனச்சான்று உள்ளவர்கள் என்கிறோம். மகனின் சொல்லைக் கேட்டு வாக்கை மாற்றியவரை மட்டும் துரோகி என்போமா? நமக்கு உகந்த முடிவைத் தரும்போது மட்டும் மனச்சான்றைப் போற்றுவோமானால், நாம் போற்றுவது மனச்சான்றை அல்ல, நம் வெற்றியையே.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட, இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டைத் திறந்து பாருங்கள். கருக்கலைப்பைக் கொடிய குற்றமெனக் கண்டிப்பது அந்த ஏடே. மனச்சான்று என்பது மனிதர் கடவுளோடு தனித்திருக்கும் உள்ளறை என்று கற்பிப்பதும் அதே ஏடுதான். மனச்சான்று தவறலாம் என்றும் அது ஒப்புக்கொள்கிறது. தவறியதால் அதன் மாண்பு அற்றுப்போவதில்லை என்றும் சொல்கிறது. இவற்றுள் நமக்கு வசதியானதை மட்டும் கிழித்து எடுத்துக்கொள்ள நமக்கு உரிமையில்லை.

1995இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வாழ்வின் நற்செய்தி என்ற சுற்றுமடலில் சட்டமன்ற உறுப்பினர்களைப் பற்றியே நேரடியாகப் பேசினார். கருக்கலைப்புச் சட்டத்தை முழுமையாக நீக்க இயலாத நிலையில், தம் எதிர்ப்பை எல்லாரும் அறியச் செய்துள்ள ஓர் உறுப்பினர், அச்சட்டத்தின் தீமையைக் குறைக்கும் மசோதாவை ஆதரிக்கலாம் என்றார். வாக்கு என்பது வெறும் கொள்கை முழக்கமன்று. இந்த அவையில், இந்த நாளில், இயன்ற நன்மை எது என்று தேடும் செயல் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

2023 ஏப்ரல் 27 அன்று, ஒரே நாளில் இரு மாநிலங்களில் இந்தக் காட்சி மீண்டும் அரங்கேறியது. நெப்ராஸ்காவில் 33 வாக்குகள் தேவைப்பட்ட தடை மசோதா 32இல் நின்றது. முன்பு அதற்குத் துணைநின்ற மெர்வ் ரீப்பி என்ற முதியவர் எப்பக்கமும் வாக்களிக்கவில்லை. தென் கரோலினா மேலவையில் ஏறக்குறைய முழுத்தடை விதிக்கும் மசோதா 22க்கு 21 என்ற கணக்கில் நின்றுபோனது. அதை எதிர்த்த ஐந்து பெண் உறுப்பினர்களுள் மூவர் குடியரசுக் கட்சியினர். 2024 உட்கட்சித் தேர்தல்களில் அம்மூவரும் தோற்றனர். மைக்கேல்ஸ் கொடுத்த விலையைத்தான் அவர்களும் கொடுத்தனர்.

1967இல் வாசிக்கப்பட்ட அந்த மடலை எண்ணுகிறேன். மசோதாவைத் தோற்கடிக்க அது துணைசெய்தது. ஆனால் மறைவிடத்துக்குச் சென்று உயிரிழந்த அந்த ஏழைப் பெண்ணின் கதவை நம் பங்குகளில் எத்தனை பேர் தட்டினோம்? கருவுற்று அஞ்சி நிற்கும் ஒரு மகள் நம் பங்கு அலுவலகத்துக்கு முதலில் ஓடிவருவாளா, அல்லது நம் கண்ணில் படாமல் ஓடி மறைவாளா? சட்டமன்றத்தின் 76 வாக்குகளை எண்ணும் நாம் இதையும் எண்ணியாக வேண்டும்.

உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதுங்கள். அறிவோடும் மரியாதையோடும் எழுதுங்கள். அவர் வாக்களிக்கும் நாளில் அவருக்காகச் செபியுங்கள். உங்களுக்கு எதிராக வாக்களிப்பார் என்று தெரிந்தாலும் செபியுங்கள்.

இறை ஆசீர் உங்களோடு இருப்பதாக.