நடுவில் நிற்கும் பெயர்



வீட்டில் ஆண் குழந்தை பிறந்துவிட்டால், பதினாறாம் நாளோ முப்பதாம் நாளோ வருவதற்குள் ஒரு பெரிய ஆலோசனை நடந்து முடிந்துவிடும். நட்சத்திரத்திற்குரிய எழுத்தைப் பார்க்க வேண்டும் என்பார் ஒருவர். குலதெய்வத்தின் பெயர் வேண்டும் என்பார் பாட்டி. வாயில் நுழைகிற பெயராக இருக்கட்டும் என்பார் தாய்மாமன். கடைசியில் ஒன்றுக்கு இரண்டாகப் பெயர்கள் தேறிவிடும். முதற்பெயர் ஒன்று; அதனை அடுத்து நடுவில் நிற்க மற்றொன்று. அந்த நடுப்பெயராக எதனை வைப்பது? இக்கேள்விக்கு நம் வரலாற்றில் விடை உண்டா என்று இன்று பார்ப்போம்.

பெயருக்கு முன்னே தந்தையைச் சொல்வது தமிழர்க்குப் புதிய வழக்கமன்று. சங்கப் புலவர் ஒருவர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்று குறிக்கப்படுகிறார். கணக்காயன் என்றால் பிள்ளைகளுக்கு ஓதுவிக்கும் ஆசிரியன். இப்பெயரில் ஊர் முதலில் வருகிறது. தந்தை அடுத்து வருகிறார். பிள்ளை இறுதியில் நிற்கிறான். இடையில் 'மகனார்' என்னும் சொல் இருப்பதைக் கவனியுங்கள். இன்று நம் பிள்ளைகளின் அடையாள அட்டையில் 'அனக் லெலாக்கி' என்னும் மலாய்ச் சொற்களுக்கு உரிய சுருக்கம் செய்கின்ற வேலையை, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழ்ச் சொல் செய்திருக்கிறது. வேறுபாடு ஒன்றுதான். அங்கே தந்தை முன்னே நடந்தார். இங்கே பின்னே வருகிறார்.

பிற்காலத்தில் இதுவே முதலெழுத்தாகச் சுருங்கிற்று. உ. வே. சாமிநாதையர் என்றால் உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் மகன் சாமிநாதன் என்று பொருள். ஊரும் தகப்பனாரும் இரண்டு எழுத்துகளுக்குள் அடங்கிவிட்டார்கள்.

தந்தையின் பெயரை நிலைநிறுத்தும் ஆசை நாம் வாழும் இந்த மண்ணிலும் பழமையானது. இன்று நாம் கெடா என்று சொல்லும் பகுதியைப் பழந்தமிழர் கடாரம் என்றனர். கடாரத்து அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எழுப்பினான். முதலாம் இராசராச சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினான். இச்செய்தி லைடன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்ற செப்பேடுகளில் உள்ளது. நம் முன்னோர் பலர் கப்பல் ஏறியதும் அதே நாகப்பட்டினத்தில்தான்.

தந்தைக்கு ஓர் இடம் இருந்தது போலவே பாட்டனுக்கும் ஓர் இடம் இருந்தது. மகனின் மகனை நாம் 'பேரன்' என்கிறோம். இது 'பெயரன்' என்னும் சொல்லின் மரூஉ. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பதே அதன் பொருள். மூத்த பிள்ளைக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரை இடுவது பல குடும்பங்களில் விதி போல நடந்தது. ஆனால், மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்ற கட்டுப்பாடும் அதே வீட்டில் இருந்தது. ஆகவே, பெற்ற மகனையே பெயர் சொல்லி அழைக்க முடியாத தாய், 'தம்பி' என்றோ 'ராசா' என்றோ கூப்பிட்டாள். இப்படித்தான் நம் பிள்ளைகள் பலருக்கு ஏட்டில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு பெயரும் வந்தன.

கடல் கடந்தபோது இந்த ஒழுங்கு குலைந்தது. ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டது. கங்காணி வழியாக ஆள் சேர்ப்பது 1938 வரை நீடித்தது. அவ்வாறு வந்தவர்களைத் தோட்டத்துச் செக்ரோல் ஒற்றைப் பெயரால்தான் அறிந்தது. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டால் ஆள் வந்தாக வேண்டும். பெயர் இருந்தால்தான் சம்பளம் உண்டு. ஊர் எது, தகப்பன் யார் என்பது கிராணியாருக்குத் தேவைப்படவில்லை. ஒரே லயத்தில் இரண்டு முனுசாமிகள் இருந்தால், ஒருவர் பெரிய முனுசாமி ஆனார். மற்றவர் சின்ன முனுசாமி ஆனார். எழுத்தும் எழுதுகிறவர் காதில் விழுந்தபடி அமைந்தது. லட்சுமணன் ஆங்கில எழுத்தில் லெட்சுமணன் ஆனதும், ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர் தந்தையின் பெயரை இரு வகையாக எழுதுவதும் இப்படி வந்தவையே.

அந்தக் காலத்துப் பெயர்களைக் கேட்டு இன்றைய பிள்ளைகள் சிரிப்பதுண்டு. பிச்சை என்றும் குப்பன் என்றும் ஏன் வைத்தார்கள் என்று வகுப்பில் நம்மைக் கேட்கிறார்கள். பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில், அடுத்த குழந்தையாவது தங்க வேண்டும் என்று இட்ட பெயர்கள் அவை. பிச்சை எடுத்தாவது இதைப் பிழைக்க வைப்போம், குப்பையில் கிடந்தது என்றால் காலனும் தொடமாட்டான் என்பது அந்தத் தாய்மாரின் நம்பிக்கை. அக்காலத்துத் தோட்டங்களில் மலேரியாக் காய்ச்சல் கொடியதாக இருந்தது. மருத்துவர் மால்கம் வாட்சன் 1901இல் கிள்ளானில் நீர் வடிய வழி செய்து கொசுவை ஒழிக்கத் தொடங்கிய பிறகே அதன் கொடுமை சிறிது சிறிதாகக் குறைந்தது. ஆகவே, அந்தப் பெயர்கள் சிரிப்பதற்கு உரியவை அல்ல. ஒவ்வொன்றின் பின்னும் ஒரு சிறு புதைகுழி இருக்கிறது.

பெயர் எழுதப்படாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குச் சயாம் மரண ரயில் பாதையே சான்று. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் அமைத்த அந்த 415 கிலோமீட்டர் பாதையில், நம் தோட்டங்களிலிருந்து சென்றவர்கள் ஆயிரம் ஆயிரமாக மாண்டனர். காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் நேச நாட்டுக் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கற்கள் வரிசையாக நிற்கின்றன. நம்மவருக்கு அப்படிப் பெயர் பொறித்த வரிசைகள் இல்லை. திரும்பி வராத பாட்டன்மாரின் பெயர்கள் பெரும்பாலும் வீட்டாரின் நினைவில்தான் தங்கின. நினைவு எத்தனை தலைமுறைக்குத் தாங்கும்?

பின்னர், அவசரகாலத்தின்போது 1948இல் அடையாள அட்டை வந்தது. பெயர் என்பது இனி வெறும் கூப்பிடும் சொல் அன்று. குடியுரிமைக்கும் பள்ளிக்கும் வேலைக்கும் அதுவே திறவுகோலாயிற்று. மெர்டேக்கா நாள் முதல் இம்மண்ணில் பிறந்த குழந்தை பிறப்பினாலேயே குடிமகனாகலாம் என்றிருந்த நிலை 1962இல் மாறிற்று. அதன்பின், பெற்றோருள் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்றாயிற்று. அதாவது, பெற்றோரின் தாள் சரியாக இருந்தால்தான் பிள்ளையின் தாளும் சரியாக இருக்கும்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச்சு முதல் நாள் நடப்புக்கு வந்தது. அது முதல் கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது. திருமணத்தைப் பதிவும் செய்ய வேண்டும். பதிவு இல்லாத தம்பதியரின் குழந்தைக்குப் பிறப்புப் பத்திரத்தில் தந்தையின் பெயர் தானாக ஏறாது. நக்கீரனார் காலம் முதல் பிள்ளையோடு சேர்ந்து வந்த தகப்பன் பெயர், ஒரு கையெழுத்து இல்லாததால் விடுபட்டுப் போகலாம். பெயர் தேடுவதற்கு முன்னால் பெற்றோர் தங்கள் திருமணப் பத்திரத்தைத் தேடி எடுத்து வைப்பது நல்லது.

இனி, பெயரில் சேர்க்க வேண்டாத ஒன்றும் உண்டு. 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயரோடு சாதிப் பட்டத்தை ஒட்டும் வழக்கத்தை விட்டுவிடத் தீர்மானித்தது. அதே ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். அதன் பின்னர், தோட்டங்களில் இளங்கோ, செழியன், அன்பழகன் போன்ற தூய தமிழ்ப் பெயர்கள் ஒலிக்கத் தொடங்கின. ஒரே பெரட்டில் நின்று ஒரே பால்மரத்தை வெட்டியவர்கள், பிள்ளையின் பெயரில் வேலி போட வேண்டியதில்லை என்று உணர்ந்த காலம் அது. நடுப்பெயர் என்ற சாக்கில் அந்த வேலியை மீண்டும் நட வேண்டாம்.

நடுவெழுத்துக்கு நம் நாட்டிலேயே ஓர் அழகான எடுத்துக்காட்டு உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்ட வேளையில், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர் காசைக் கொண்டே தோட்டம் வாங்கச் செய்தவர் துன் வீ. தி. சம்பந்தன். முதலெழுத்து தந்தை வீராசாமியைக் குறிக்கும். நடுவில் நிற்கும் 'தி' தனிப் பெயர் அன்று; திருஞானசம்பந்தன் என்னும் முழுப்பெயரின் முற்பாதி. இப்படி ஒரு பெயரை இரண்டாகப் பிரிப்பதும் உண்டு. விஜயகுமார் ஒரு சொல்லா, இரு சொல்லா என்பதைப் பதிவு செய்யும் அன்றே முடிவு செய்துகொள்ளுங்கள். பிறப்புப் பத்திரத்தில் ஒருவிதமும் பள்ளிப் பதிவில் வேறுவிதமும் இருந்தால், பிள்ளைக்குப் பின்னாளில் அலைச்சல்.

நடுப்பெயராக எதனை வைக்கலாம் என்ற கேள்விக்கு வருவோம். இன்றைய முறையில் பிள்ளையின் பெயருக்குப் பின் தந்தையின் பெயர் வருகிறது. அந்தப் பிள்ளைக்கு மகன் பிறந்தால் பாட்டனின் பெயர் தானாகவே உதிர்ந்துவிடுகிறது. பிற சமூகத்தார் சிலருக்குக் குடும்பப் பெயர் உண்டு, நமக்கு இல்லை. ஆகவே, முன்னவர் ஒருவரின் பெயர் தங்குவதற்கு நம் ஏட்டில் எஞ்சியிருக்கும் ஓர் இடம் அந்த நடு இடம்தான். முதற்பெயரை உங்கள் விருப்பம் போலப் புதிதாக வையுங்கள். நடுவில் பாட்டன் பெயரை வையுங்கள். முனியாண்டி என்பது பழைய பெயராயிற்றே, பள்ளியில் கேலி செய்வார்களே என்று தயங்க வேண்டாம். காட்டை அழித்து, காய்ச்சலுக்குத் தப்பி, நம்மை இங்கே வேரூன்ற வைத்தவரின் பெயர் அது. தாய்வழிப் பாட்டனுக்கும் அதே உரிமை உண்டு. அதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை.

பதிவுக்குப் போகும்போது தகப்பனாரின் அடையாள அட்டையில் உள்ளபடியே அவர் பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதச் செய்யுங்கள். தாளை வாங்கியவுடன் அங்கேயே நின்று ஒரு முறை படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாதவர் யாராயினும் எங்களைப் போன்ற ஆசிரியர்களிடம் கொண்டு வரலாம், கூச்சம் வேண்டாம். பிறகு, பிள்ளை பேசத் தொடங்கியதும், அந்த நடுப்பெயர் யாருடையது, அவர் எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார் என்று சொல்லிக் கொடுங்கள். வீட்டுப் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே இவற்றைக் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பது நம் எல்லோராலும் முடிந்த காரியம்.