சைகோன் தபால் நிலையத்தில் ஒரு மணி நேரம்

இப்போதெல்லாம் நம் புதுச்சேரியில் யாரைப் பார்த்தாலும் வியட்நாம் போய் வந்த கதையைச் சொல்கிறார்கள். விமான டிக்கெட், ஓட்டல், சைவச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஐந்து நாள் பேக்கேஜ். படங்களும் கைப்பேசிக்கு வந்துவிடுகின்றன. சிவப்புச் செங்கல் மாதா கோயில், மஞ்சள் நிறத் தபால் நிலையம், டாங்கி நிற்கும் அரண்மனை, பென் தான் மார்க்கெட் ஆகிய நான்கும் அவற்றில் தவறாமல் இருக்கும். அந்த ஊருக்கு 1976 முதல் ஹோ சி மின் நகரம் என்று பெயர். ஆனால் நம் வயதுக்காரர்களுக்கு அது இன்றும் சைகோன்தான்.

2013-ல் நானும் போனேன். அப்போது சிங்கப்பூரில் இருந்த மகளும் மருமகனும் அழைத்துப் போனார்கள். அவர்களுக்கு அது சுற்றுலா. எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. என் தாத்தா (அப்பாவின் அப்பா) அந்தத் தபால் நிலையத்தில் கொம்மி, அதாவது குமாஸ்தா. 1912-ல் கப்பலேறியவர், 1938-ல் ஓய்வு பெற்றுத் திரும்பினார். பாட்டியையும் பிள்ளைகளையும் ஊரிலேயே விட்டுவிட்டு, விடுப்பில் மட்டும் வந்து போன மனிதர்.

நம்மவர்கள் அங்கே போனது எப்படி என்பதை இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1859-ல் பிரெஞ்சுக்காரர்கள் சைகோனைப் பிடித்தார்கள். புதிய காலனியில் கணக்கு எழுத, கடிதம் எழுத, வரி வசூலிக்க ஆள் வேண்டியிருந்தது. பிரெஞ்சு படித்தவர்கள் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் இருந்தார்கள். 1881 செப்டம்பர் 21-ல் ஓர் ஆணை வந்தது. தன் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்று, ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொள்பவர் பிரெஞ்சுச் சட்டப்படி வாழலாம் என்றது அது. இப்படித் துறந்தவர்கள்தான் ரெனோன்சான். நம்மூரில் தமிழ் முகத்தோடு பிரெஞ்சுக் குடும்பப் பெயர் வைத்திருப்பவர்கள் பலரின் கதை இங்கேதான் தொடங்குகிறது. தபால், சுங்கம், போலீஸ், நீதிமன்றம் என்று சைகோன் அலுவலகங்களில் இவர்களுக்கு இடம் கிடைத்தது.

முதல் நாள் வழிகாட்டிப் பெண் எங்களை மாதா கோயிலுக்கு அழைத்துப் போனாள். 1877-ல் தொடங்கி 1880-ல் முடித்த கோயில். செங்கல் மார்செய்யிலிருந்து கப்பலில் வந்தது. இரண்டு கூர்கோபுரங்களை 1895-ல் சேர்த்தார்கள். பக்கத்திலேயே தபால் நிலையம், 1886 முதல் 1891 வரை கட்டியது. "ஈபெல் கோபுரம் கட்டியவரே இதையும் கட்டினார்" என்று அவள் சொன்னாள். எல்லா வழிகாட்டிகளும் அப்படித்தான் சொல்கிறார்களாம். உண்மையில் அதை வரைந்தவர் ஃபூலூ என்ற அரசாங்கக் கட்டடக் கலைஞர். நானும் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவன் என்பதால் அவருக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டேன்.

அரண்மனைக்கும் போனோம். முதலில் அங்கே இருந்தது பிரெஞ்சுக் கவர்னருடைய மாளிகை. 1962-ல் சொந்த விமானப்படையைச் சேர்ந்த இரண்டு பேரே அதன்மேல் குண்டு போட்டார்கள். இப்போதைய கட்டடம் 1966-ல் முடிந்தது. 1975 ஏப்ரல் 30-ல் அதன் வாசற்கதவை இடித்துக்கொண்டு டாங்கி உள்ளே நுழைந்ததோடு போர் முடிந்தது.

மறுநாள் காலை மகளையும் மருமகனையும் மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டு, நான் மட்டும் தபால் நிலையத்துக்குத் திரும்பினேன். வளைந்த உயரமான கூரை, இரும்புத் தூண்கள், சுவரில் 1892-ஆம் ஆண்டுச் சைகோனின் வரைபடம், நடுவில் ஹோ சி மின் படம். மரப் பெஞ்சில் உட்கார்ந்து, தாத்தா எந்தக் கவுண்டரில் இருந்திருப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் என் வயதுக்காரர் ஒருவர், உள்ளூர்க்காரர். நான் பிரெஞ்சில் தபால்தலை விலை விசாரித்ததைக் கேட்டுவிட்டு அவரும் பிரெஞ்சில் பேச ஆரம்பித்தார். அவருடைய அப்பாவும் அந்தக் காலத்துக் குமாஸ்தாவாம். என் தாத்தா இங்கே வேலை பார்த்தார் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "அப்படியானால் உங்கள் தாத்தாவுக்கு என் அப்பாவைவிடச் சம்பளம் அதிகம்" என்றார்.

அந்தச் சிரிப்பில் கோபம் இல்லை. ஆனாலும் எனக்கு உடனே பதில் வரவில்லை. அவர் சொன்னது சரிதான். பிரெஞ்சுக் குடிமக்கள் என்ற உரிமையில் ஐரோப்பியர் சம்பளம் கேட்டு நம்மவர்கள் வாதாடினார்கள், பலர் பெற்றார்கள். கொச்சின்சீனாவிலிருந்து பாரிஸ் பாராளுமன்றத்துக்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த தேர்தலில் நம்மவர்களுக்கு ஓட்டு இருந்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த வியட்நாமியருக்கு, அது அவருடைய மண்ணாக இருந்தும், பெரும்பாலும் இல்லை. 1930-களில் அரிசி விலை விழுந்தபோது, அடகு வைத்த நிலங்கள் நம் செட்டியார்கள் கைக்கு வந்ததில் அங்கே மனக்கசப்பும் உண்டு. தாத்தா திண்ணையில் உட்கார்ந்து சைகோன் பெருமை பேசுவார். கப்பல், குதிரை வண்டி, சம்பளம் எல்லாம் அதில் வரும். கூட வேலை பார்த்த ஒரு வியட்நாமியரின் பெயரைக்கூட அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

மாலையில் எல்லோருமாக மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். பென் தான் மார்க்கெட்டிலிருந்து நடக்கும் தூரம்தான், ஆனால் எங்கள் சுற்றுலாப் பட்டியலில் அது இல்லை. நம்மவர்கள் கட்டிய கோயில் அது. 1975-க்குப் பிறகு அவர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். இன்று அங்கே கும்பிடுகிறவர்கள் அதிகமும் வியட்நாமியரும் சீனரும்தான். கை நிறைய ஊதுபத்தியோடு வருகிறார்கள். சுவரில் நெற்றியை ஒட்டவைத்துத் தங்கள் வேண்டுதலை மெதுவாகச் சொல்கிறார்கள். நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயிலும், தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-ல் கட்டிய பள்ளிவாசலும் கொஞ்ச தூரத்தில் இருக்கின்றன. சம்பளமும் ஓட்டும் போய்விட்டன, அம்மனை மட்டும் அந்த ஊர் வைத்துக்கொண்டது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தாத்தா இருபத்தாறு வருடம் பாட்டிக்குக் கடிதம் எழுதினார். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டில் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, உறையோடு நூலில் கட்டி டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். பத்து வயதில் எனக்குத் தபால்தலை சேர்க்கும் பைத்தியம். உறைகளைத் தண்ணீரில் ஊறவைத்து இந்தோசீனாத் தபால்தலைகளைப் பிரித்தெடுத்தேன். நனைந்த கடிதங்கள் வெந்நீர் அடுப்புக்குப் போயின. பாட்டி ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்தத் தபால்தலைகளும் பிறகு கைமாறிப் போய்விட்டன. தாத்தா திண்ணையில் சொல்லாததைக் கடிதத்தில் எழுதியிருப்பாரா என்று இனி யாரிடம் கேட்பது?

கிளம்புவதற்கு முன் அதே தபால் நிலையத்தில் ஓர் அட்டை வாங்கி, புதுச்சேரியில் என் வீட்டு முகவரிக்கே அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து வந்தது. தபால்தலையைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பரணில் சைகோன் கடிதம், பாஸ்போர்ட், சம்பளச் சீட்டு ஏதாவது கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். பேரப்பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்து ஒருமுறையாவது படித்துக் காட்டுங்கள். சைகோன் போகிறவர்கள் அந்த நான்கு இடங்களையும் பாருங்கள். அதோடு தபால் நிலையத்துப் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.